அடுத்த நிரையில் ஒரு விளக்கு: தோட்டத்துத் திகில் குறும்படம் ஒன்றும் அதன் இரண்டு சுவரொட்டிகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர்கள், கோயில் திருவிழாவின்போது மண்டபத்தில் திரையிடுவதற்காகத் திகில் குறும்படம் ஒன்றைக் கைப்பேசியிலேயே எடுத்தார்கள். படம் முடிவதற்கு முன்பே சுவரொட்டி வெளியே வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பயந்தவர் ஒருவரும் இல்லை, சிரித்தவர்கள் பலர். மளிகைக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில், பேயின் முகத்துக்கு யாரோ ஒரு பையன் கறுப்பு மையால் மூக்குக் கண்ணாடி வரைந்துவிட்டுப் போயிருந்தான். அதற்குப் பிறகுதான், திரைப்படச் சுவரொட்டிகளைப் பற்றி அவ்வப்போது எழுதிவருகிற என்னை அழைத்துச் சுவரொட்டியையும் பாதி முடிந்த படத்தையும் காட்டினார்கள். இந்த ஆய்வு கதையின் தரத்தைப் பற்றியதன்று. பயத்தை உண்டாக்குவதற்காகக் கண்ணுக்கு எதைக் காட்டினார்கள், எதை மறைத்தார்கள், அவற்றுள் எது பலித்தது என்பதே இதன் பொருள்.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி விடியலுக்கு முன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தன் நிரைக்கு, அதாவது தன் மர வரிசைக்கு, போகிறாள். பக்கத்து நிரை பல ஆண்டுகளாகக் கைவிடப்பட்டது. அங்கே மரங்களின் பட்டை கறுத்து, பழைய வெட்டுகள் காய்ந்து கிடக்கின்றன. ஆனால் அன்றைக்கு அந்த நிரையில் ஒரு மரத்தில் புது வெட்டு இருக்கிறது. பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் பால் சொட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவுதான் கதை. இதை யோசித்தவருக்குத் தோட்டம் தெரியும் என்பதில் ஐயமில்லை. மரத்தின் உள்ளழுத்தம் விடியலுக்கு முன்புதான் மிகுதியாக இருக்கும் என்பதால் அந்நேரத்து வெட்டில்தான் பால் நன்றாக ஓடும். வெட்டிய சிறிது நேரத்தில் அது உறையவும் தொடங்கும். ஆகவே, சொட்டிக்கொண்டிருக்கிற பால் என்பது, வெட்டிய ஆள் இன்னும் தூரம் போகவில்லை என்பதற்குச் சாட்சி. பேய் என்ற சொல்லே இல்லாமல் அந்த ஒரு மங்கு இதைச் சொல்லிவிடுகிறது.

முதல் சுவரொட்டி

இப்படிப்பட்ட கதைக்கு அவர்கள் முதலில் செய்த சுவரொட்டியில் அந்த மங்கு இல்லை. ஏ3 அளவுத் தாளின் நடுவில் விரித்த தலைமுடியோடு ஒரு பெண்ணின் முகம், கருவிழி இல்லாத வெள்ளைக் கண்கள், கடைவாயில் இரத்தம். பின்னணியில் முழுநிலவு, மின்னல், மண்டை ஓடு, வௌவால்கள், ஓரத்தில் அரிவாள் ஏந்திய ஓர் ஆணின் நிழலுருவம். மேலே கறுப்புப் பின்னணியில் இரத்தம் வழிகிற எழுத்தில் சிவப்பாகத் தலைப்பு. பட்டணத்து அச்சுக் கடையில் எடுத்து, மழைக்குத் தாங்கட்டும் என்று லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்கள்.

முதலில் எழுந்த எதிர்ப்பு பயத்தைப் பற்றியதன்று. கோயில் தலைவர் அரிவாள் உருவத்தைக் காட்டி, “தம்பி, மீசையும் அருவாளுமா நிக்கிறது நம்ம எல்லையில காவல் இருக்கிற சாமி. அத மண்டை ஓட்டுக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கீங்களே, பாட்டிமாருங்க பார்த்தா என்ன நெனப்பாங்க?” என்று கேட்டார். அவர் சொன்னதில் பக்தி மட்டும் இல்லை, காட்சி பற்றிய ஒரு நுட்பமும் இருக்கிறது. முனீஸ்வரர் சந்நிதியைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறார்கள் என்கிற ஊரில், அரிவாள் ஏந்திய நிழலுருவம் பாதுகாப்பின் அடையாளம். வேறோர் ஊர்ப் பார்வையாளனுக்கு அது கொலைகாரனாகத் தெரியலாம். இங்கே அது பயத்தைக் கூட்டவில்லை, குறைத்தது.

இரண்டாவது குறை வெளிச்சத்தைச் சேர்ந்தது. சிவப்பு பயத்தின் நிறம் என்று எல்லோரும் நம்புகிறோம். பகலில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கறுப்பின் மேல் சிவப்பு என்பது, ஒளிர்வைக் கணக்கிட்டால், பலவீனமான சேர்க்கை. கணினித் திரையில் முழு வெள்ளையின் ஒளிர்வை 100 என்று கொண்டால், முழுப் பச்சையின் ஒளிர்வு ஏறக்குறைய 72. முழுச் சிவப்பின் ஒளிர்வோ 21 மட்டுமே. வெளிச்சம் குறையக் குறைய இந்த இடைவெளி இன்னும் மோசமாகும். மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பை விரைவாக இழந்து, நீலத்தையும் பச்சையையும் ஒப்பளவில் பிரகாசமாகக் காண்கிறது. செக் நாட்டு உடலியலாளர் பூர்க்கினே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்ததால் இன்றும் இந்த மாற்றம் அவர் பெயராலேயே வழங்குகிறது. கடைச் சுவருக்கு எதிரே இருந்ததோ பழைய மஞ்சள் தெருவிளக்கு. சோடியம் விளக்கின் ஒளி மஞ்சளைச் சுற்றியே குவிந்திருப்பதால் பிற நிறங்கள் அதில் தம் இயல்பை இழக்கும். மாலை 7.30 மணிக்கு மேல் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தால் இரத்தம் காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. தலைப்பைப் படிக்கவே முடியவில்லை. லேமினேட் தாளில் தெருவிளக்கு பிரதிபலித்து, பேயின் நெற்றியில் ஒரு மஞ்சள் வட்டம் பளபளத்தது. பயமுறுத்த வேண்டிய நேரத்தில்தான் அது மிகவும் செயலற்றுப் போனது.

மூன்றாவது குறையே முக்கியமானது: தாளில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. முகம், நிலவு, மண்டை ஓடு, வௌவால் எல்லாம் ஒரே அளவு வெளிச்சத்தில் ஒரே நேரத்தில் முன்வந்து நின்றன. கண் ஒரு நொடியில் எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. உலகறிந்த இரண்டு சுவரொட்டிகளை இதனோடு ஒப்பிடலாம். 1973இல் வெளிவந்த ‘தி எக்சார்சிஸ்ட்’ படத்தின் சுவரொட்டியில், ஒரு வீட்டுச் சன்னலிலிருந்து விழும் ஒளியில், தொப்பியும் பையுமாக ஒரு மனிதர் இருண்ட உருவமாக நிற்கிறார், அவ்வளவே. பேய் பிடித்த சிறுமி தாளில் எங்கும் இல்லை. அந்த ஒளி வருகிற சன்னலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். 1975இல் வந்த ‘ஜாஸ்’ இதற்கு நேர்மாறானது. சுறாவை வாய் பிளந்தபடி முழுதாகக் காட்டுகிறது. ஆனாலும் அது வேலை செய்கிறது, ஏனென்றால் மேலே நீந்துகிற பெண்ணுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். காட்டுவதா மறைப்பதா என்பதன்று கேள்வி. தாளுக்குள்ளே ஒரு முடியாத காரியம் இருக்கிறதா என்பதே கேள்வி. இளைஞர்களின் பேய்க்கோ யாரோடும் எந்த வேலையும் இல்லை. ஸ்டுடியோவில் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நம்மைப் பார்த்து நின்றது.

இரண்டாவது சுவரொட்டி

புதிய சுவரொட்டிக்கு அவர்கள் இணையத்தில் எதையும் தேடவில்லை. விடியலுக்கு முன் பால் மரக் காட்டுக்குப் போய், ஒரு நிரையின் தொடக்கத்தில் தரையோடு தரையாகக் கைப்பேசியை வைத்துப் படமெடுத்தார்கள். ரப்பர்த் தோட்டம் இவ்விஷயத்தில் கொடுத்துவைத்த இடம். நேர்க்கோட்டில் நடப்பட்ட மரங்கள் தாமாகவே ஒரு புள்ளியில் போய் ஒன்றுசேர்கின்றன. ஓவியன் அளவுகோல் வைத்து வரைய வேண்டிய ஆழத்தை இங்கே துரைமார் காலத்து நடவே வரைந்து வைத்திருக்கிறது. கண்ணுக்கு வேறு வழியில்லை. அந்தப் புள்ளிக்குத்தான் அது போய்ச் சேரும். அங்கே அவர்கள் ஒரு நெற்றி விளக்கை வைத்தார்கள்.

அந்த விளக்கு நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. இது சிறிய முடிவாகத் தோன்றலாம். எனக்கு இந்தத் தாளின் உயிரே இதில்தான் இருப்பதாகப் படுகிறது. நெற்றி விளக்கு வேறு திசையில் பார்த்திருந்தால், அது வேலை செய்கிற ஒரு மனிதர். நம்மை நோக்கித் திரும்பியதும், அது நம்மைப் பார்த்துவிட்ட ஒருவர். அதே நேரத்தில் அந்த ஒளியின் கூச்சமே அவர் முகத்தை நமக்கு மறைத்தும்விடுகிறது. வழக்கமாக இருள் மறைக்கும், வெளிச்சம் காட்டும். இங்கே வெளிச்சமே மறைக்கிறது. பால் வெட்டியிருக்கிற எவருக்கும் இந்த அனுபவம் உண்டு: எதிரே வருகிற விளக்கு யாருடையது என்பது குரல் கேட்கும் வரை தெரியாது.

முன்னால், வலப்புறத்தில், ஒரே ஒரு மரத்தின் பட்டை பாதித் தாளை அடைத்து நிற்கிறது. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் வெட்டும், அதன் முடிவில் பாலை வடியவிடும் தகரப் பீலியும், கீழே மங்கும் தெளிவாகத் தெரிகின்றன. பாலின் வெண்மைதான் தாளில் மிகப் பிரகாசமான பரப்பு. சிவப்பு எங்குமே இல்லை. தலைப்பு கீழே சிறிதாக, சாம்பல் கலந்த வெள்ளையில். தாளின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கருநீலம்.

இதில் இன்னொரு காரியமும் செய்திருந்தார்கள். நடுத்தூரத்தில் மரங்களுக்கிடையே ஒருவரை நிற்க வைத்து, பின்னர் அந்த உருவத்தை மரத்தண்டின் நிறத்துக்குக் கிட்டத்தட்ட இறக்கியிருந்தார்கள். தோள் வளைவு மட்டும் மரமல்ல என்று சொல்லும். பகலில் அது பெரிதாகத் தெரியவில்லை. இரவில் மண்டபத்து நடைபாதையில், விளக்குக் குறைந்த மூலையில் மாட்டியபோது வேடிக்கையான ஒன்று நடந்தது: பார்த்தவர்கள் “அங்க யாரோ நிக்கிறாங்க” என்று நெருங்கி உற்றுப் பார்த்தார்கள், “இல்லையே” என்று விலகினார்கள், விலகும்போது மறுபடியும் திரும்பினார்கள். இதற்குக் கண்ணின் அமைப்பிலேயே காரணம் உண்டு. மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தருபவை குச்சி செல்கள். விழித்திரையின் நட்டநடுக் குழியில் அவை கிடையா. ஆகவே மிக மங்கலான ஒன்றை நேராகப் பார்த்தால் அது மறையும், ஓரக்கண்ணால் பார்த்தால் தென்படும். வானத்தை ஆராய்கிறவர்கள் மங்கிய நட்சத்திரத்தைச் சற்று விலகிப் பார்ப்பதும் இதனால்தான். பார்த்தால் இல்லை, பாராவிட்டால் இருக்கிறது என்பதைக் காட்டிலும் பேய்க்குப் பொருத்தமான இலக்கணம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

லேமினேட்டை விட்டுவிட்டார்கள். பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டதால் பிரதிபலிப்பு இல்லை. மழையில் ஒரு தாள் ஊறிப்போனது; வேறொன்று ஒட்டினார்கள்.

படத்துக்குள்ளே

மலேசியத் தீபகற்பத்தில் 1982 முதல் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டுவிட்டதால், சூரியன் காலை 7 மணியை ஒட்டித்தான் எழுகிறது. இங்கே நிலநடுக்கோடு அருகில் என்பதால் விடியலும் அவசரக்காரன். வானம் நீலமாக வெளுக்கிற நேரம் 20 நிமிடத்துக்குச் சற்று மேல் நீடித்தால் பெரிது. அந்த நீலத்தில்தான் படத்தின் பெரும்பகுதியை எடுத்திருந்தார்கள், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு காட்சிகள் என்ற கணக்கில். தொடக்க நாள்களின் காட்சிகளில் நீலமே இல்லை. கைப்பேசி தானாகவே நிறத்தைச் சரிசெய்து, விடியலைச் சாதாரணப் பகலாக்கி வைத்திருந்தது. நிறச் சமநிலையைக் கையால் பூட்டிய பிறகுதான் காட்டின் நிறம் காட்டில் இருந்தபடி வந்தது.

நிழலைப் பயன்படுத்திய ஒரு காட்சியைக் குறிப்பிட வேண்டும். அந்தப் பெண் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குத் திரும்பும்போது, வீட்டுச் சுவரில் ஒரு நிழல் அவளுக்கு முன்பாகவே ஏறி நிற்கிறது. விளக்கைத் தரையில் வைத்து, நடிப்பவரை அதற்கு மிக அருகில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒளிமூலத்துக்கு எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவு நிழல் பெரிதாகும், அதன் ஓரமும் குலையும். 1922இல் எடுக்கப்பட்ட ஜெர்மானிய மௌனப் படமான ‘நொஸ்ஃபெராட்டு’வில் படிக்கட்டில் ஏறுகிற நிழல் இதே வழியைச் சேர்ந்தது, அந்தக் காட்சியில் ஆள் தெரிவதில்லை, நிழல் மட்டுமே ஏறுகிறது. நம் இளைஞர்கள் அதே காட்சியில் ஆளையும் ஓரத்தில் காட்டிவிட்டார்கள். இரண்டு நொடிதான். ஆனால் நிழலுக்குச் சொந்தக்காரரைப் பார்த்த பிறகு நிழல் வெறும் நிழல். காட்சியின் சட்டத்தை ஓரத்தில் சற்றே வெட்டிச் சுருக்கியதும் காட்சி நிமிர்ந்தது.

எல்லாவற்றிலும் சிறந்தது பின்னோக்கிய நடை. அடுத்த நிரையிலிருந்து ஓர் உருவம் நம்மை நோக்கி நடந்து வருகிறது. நடித்தவர் உண்மையில் பின்பக்கமாக நடந்து விலகிப் போயிருக்கிறார். பதிவைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். 1998இல் வெளிவந்த ஜப்பானியப் படமான ‘ரிங்’கில் கிணற்றிலிருந்து வெளிப்படும் பெண்ணின் நடை இவ்வாறுதான் எடுக்கப்பட்டது. நடை நடையாகவே இருக்கும். ஆனால் எடை விழுகிற விதம், குதிகாலும் நுனிக்காலும் தரையைத் தொடுகிற வரிசை, துணி அசைகிற திசை எல்லாம் தவறும். பார்ப்பவருக்குத் தவறு எது என்று சொல்லத் தெரியாது, தவறு என்பது மட்டும் தெரியும்.

இவர்கள் எண்ணாத ஒன்றும் அதே காட்சியில் விளைந்திருந்தது. சட்டத்தின் இடது ஓரத்தில் உண்மையாகவே வெட்டிய ஒரு மரம் இருந்தது. பதிவைத் திருப்பியதும் அந்த மரத்தின் பால் துளிகள் மங்கிலிருந்து எழும்பிப் பீலிக்குள் ஏறிப் போயின. படத்தொகுப்பு செய்தவர் அதை மூடிவிட நினைத்தார்; நல்ல வேளையாக மூடவில்லை. மண்டபத்தில் அந்தக் காட்சி ஓடியபோது, பிள்ளைகள் நடந்து வருகிற உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; வாழ்நாளெல்லாம் பால் வெட்டிய பெண்கள் இடது ஓரத்தைப் பார்த்தார்கள். வரிசையில் ஒரு பாட்டி, பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, பாலு மேல ஏறுது பாரு” என்றார். திரையில் அதற்கு முன்னும் பின்னும் வந்த எந்தக் காட்சிக்கும் அப்படி ஒரு குரல் எழவில்லை. ஒரு பொருள் எப்படி இயங்கும் என்று கைக்கும் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அது மாறி இயங்குவது தாங்க முடியாததாக இருக்கும். மண்டை ஓட்டை நாம் யாரும் தினமும் பார்ப்பதில்லை. அது நம்மிடம் எதையும் பறிப்பதில்லை. மங்கு அப்படியன்று.

மலாய்ச் சினிமாவின் வரலாற்றிலும் இதற்குச் சான்று கிடைக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்க, மரியா மெனாடோ நடித்து, 1957இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பொந்தியானாக்’, இவ்வட்டாரத்து மக்கள் தங்கள் கிராமத்துப் பேச்சில் ஏற்கெனவே அறிந்திருந்த பேயைத் திரைக்குக் கொண்டுவந்து பெரும் வெற்றி பெற்றது. தொடர் படங்களும் வந்தன. வாழை மரமும் வெள்ளை ஆடையும் நீண்ட கூந்தலும் பார்ப்பவரின் வீட்டுக் கொல்லையில் முன்பே இருந்தவை. அந்த முதல் படத்தின் பிரதி இன்று இல்லாமற் போனது வேறு வருத்தம்.

மண்டபத்தில் நடந்தது

திரையிடலுக்கு முந்திய ஒத்திகை ஏமாற்றம் தந்தது. கைப்பேசியில் கரிய காடாக இருந்த காட்சிகள், மண்டபத்துத் திரையில் பழுப்புப் புகையாகத் தெரிந்தன. காரணம் எளிது: புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. திரையில் கறுப்பு என்பது ஒளி விழாத வெள்ளைத் துணியே. மண்டபத்தில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் கறுப்பு வெளுக்கும். மேல்சுவரின் காற்றுத் துளைக் கற்கள் வழியே வெளிவிளக்கின் ஒளி வந்துகொண்டிருந்தது. கித்தான் துணியால் அவற்றை மறைத்தார்கள். அதற்கு மேலும் ஒன்று தேவைப்பட்டது. கறுப்பு எவ்வளவு கறுப்பு என்பதைக் கண் தனியாக அளப்பதில்லை, அருகிலிருக்கிற வெண்மையோடு ஒப்பிட்டே அளக்கிறது. ஆகவே மிகவும் இருண்ட காட்சிகளில் எங்காவது ஓர் ஒளிப் பொட்டு இருக்கும்படி திருத்தினார்கள்: நெற்றி விளக்கு, பால் கோடு, ஒரு காட்சியில் வாளியின் விளிம்பு. காட்டின் இருள் அதனால் ஆழமானது.

திடீரென்று முகம் பாய்ந்து வருகிற காட்சிகள் மூன்று இருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கச் சொன்னேன். அதற்கு நீண்ட காரணம் தேவையில்லை, முதல் முறைக்கு மேல் அது திடுக்கிடலாகத்தான் மிஞ்சுகிறது. இரண்டு நீங்கின.

தீராத விவாதம் ஒன்று மட்டும் மிஞ்சியது: கடைசிக் காட்சி. உருவத்தின் முகத்தைத் தாடைக்குக் கீழிருந்து விளக்கடித்து அருகில் காட்டி முடிக்கிறார்கள். நம் கண் பிறந்தது முதல் மேலிருந்து வருகிற வெளிச்சத்துக்கே பழகியது. கீழிருந்து அடித்தால் கண்குழியும் கன்னமும் தலைகீழாகி முகம் அந்நியமாகும் என்பது மெய்தான். ஆனால் கைமின்விளக்கைத் தாடைக்கு அடியில் வைத்துத் தம்பி தங்கைகளைப் பயமுறுத்தாத பிள்ளை லயத்தில் யாரும் இல்லை. அந்த வித்தை விளையாட்டாகத் தேய்ந்துவிட்டது. முகமே காட்டாமல், நெற்றி விளக்கு நம்மை நோக்கித் திரும்புவதோடு படத்தை நிறுத்தலாம் என்பது என் கருத்து. இயக்கிய தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணே, ஒன்னுமே காட்டாம முடிச்சா, காசு குடுத்த கடைக்காரங்க எங்கள என்ன கேப்பாங்க?” என்றார். முகத்தோடுதான் படம் ஓடியது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது, முன்வரிசைப் பிள்ளைகள் கத்தினார்கள். அடுத்த மாதம் வேறொரு தோட்டத்து மண்டபத்தில் திரையிடும்போது முகமில்லாத முடிவையும் தனியே கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதை ஓட்டுவது என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார்களாம்.